மாமாவுக்காக அக்கா ஊதிய சாக்ஸபோன்

எங்கள் அக்கா ஆண்டவரிடம் சேர்ந்து இன்றோடு ஓர் ஆண்டு ஆகிறது. திருப்பதியில் தமிழ் ஆராதனைக்கு வருகிறவர்கள் அவர் டெனர் சாக்ஸபோன் வாசித்ததைக் கேட்டிருப்பீர்கள். சத்தியவேட்டுப் பக்கத்து உறவினர்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். “அம்பது வயசுல அவளுக்கு இன்னாத்துக்கு இந்த வேல?” என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. அப்போது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. தங்கையாகிய நான் அந்தப் பதிலை இந்த நினைவு மலரில் எழுதிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது சத்தியவேட்டுக்கு அருகே, நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பத்தில். எங்கள் நைனாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. இரண்டிலும் அக்கா கெட்டிக்காரர். சித்தூரில் ஆசிரியப் பயிற்சி முடித்து, பாகாலாவில் ஒரு தெலுங்கு மீடியம் பள்ளியில் கணக்கு டீச்சரானார். அங்கே ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவரைத் தாமே முடிவு செய்து மணந்துகொண்டார். அவர்தான் எங்கள் மாமா. மாமா கிறிஸ்தவர் என்பதால் நைனா நான்கு வருடம் அக்காவிடம் பேசவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்கா வாசல் வரை வந்து நின்று, “நல்லா கீறியா நைனா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார். ஐந்தாவது பொங்கலுக்கு நைனா, “உள்ள வா. வெயில்ல இன்னாத்துக்கு நிக்கிற?” என்றார். அக்காவின் பிடிவாதம் அப்படிப்பட்டது. அதில் சத்தமே இருக்காது.

பிறகு இருவரும் திருப்பதிக்குக் குடிவந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்காக அக்கா புலம்பி நான் கேட்டதில்லை. மாமா இருபது ஆண்டுகளுக்கு மேல் ஞாயிறு ஆராதனையில் சாக்ஸபோன் வாசித்தவர். அக்காவுக்கும் அந்தக் கருவிக்கும் இருந்த உறவெல்லாம் அதன் பெட்டியைத் தூசி தட்டி வைப்பதோடு சரி.

ஏழு ஆண்டுகளுக்கு முன் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறப்பார், சொல் வராது, கண் கலங்கும். நலம் விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல முடியாத வெட்கத்தில் சர்ச்சுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

நான்கு மாதம் கழித்து ஒரு மத்தியானம் நான் அங்கே போயிருந்தேன். சாக்ஸபோனைச் சர்ச்சுக்கே கொடுத்துவிடலாம் என்று அக்கா அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். சத்தம் வருகிறதா என்று பார்க்க ஒரு முறை ஊதினார். எருமை கத்தியதுபோல் இருந்தது. கட்டிலில் படுத்திருந்த மாமா சிரித்துவிட்டார்! நோய் வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

“இன்னாங்க சிரிக்கிறீங்க? உங்களுக்கு மட்டும் மொத நாளே வந்துச்சா?” என்று அக்கா மறுபடியும் ஊதினார். கொடுத்துவிடும் பேச்சு அன்றோடு போயிற்று.

அதன்பின் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் பழகினார். உதடு வீங்கியது. கழுத்து வலித்தது. விரல் தப்பான இடத்துக்குப் போனால் மாமா இடது கையால் பிடித்துச் சரியான இடத்தில் வைப்பார். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாக, “இங்கா எந்தசேபு டீச்சர்காரு?” என்று கேட்பாராம். இன்னும் எவ்வளவு நேரம்தான் என்று அர்த்தம்.

பல மாதம் கழித்து அக்கா எனக்குப் போன் செய்தார்.

“ஏய், உங்க மாமா பாடறாருடி.”

“பேச்சு வந்துடுச்சாக்கா?”

“பேச வரலடி, பாட வருது. நான் ஊதினா கூடவே பாடறாரு, ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமா. நான் நிறுத்தினா அவருக்கும் நின்னுபூடுது.”

பேச்சு போனவர்களில் சிலருக்குப் பாட்டு மட்டும் தங்கிவிடும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். மாமா மறுபடியும் சபையில் பாட வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டார். அதற்கு அக்கா அங்கே ஊதியாக வேண்டும். சபை மூப்பர் ஒருவர், “பொம்பளைங்க பாடட்டும், ஊதறதெல்லாம் இன்னாத்துக்கும்மா?” என்றார். “ஒரு ஞாயித்துக்கெழம ஊதறேன் ஐயா. வேணாம்னா அப்பறம் சொல்லுங்க” என்றார் அக்கா.

அந்த ஞாயிறு அக்கா மாமாவையும் அழைத்து வந்தார். நானும் போயிருந்தேன். டெனர் சாக்ஸபோனில் ஊதும் சுரம், கீபோர்டில் அதே பெயருள்ள சுரத்தைவிட ஒரு படி கீழாகத்தான் கேட்கும். வீட்டில் தனியாகப் பழகிய அக்காவுக்கு இது தெரியாது. தெரிந்த மாமாவால் சொல்ல முடியாது. கீபோர்டு வாசிக்கும் ஜெபமணி அண்ணன் சொன்ன சுரத்திலேயே அக்கா தொடங்கினார். கீபோர்டு ஒரு பக்கம் போக, சாக்ஸபோன் இன்னொரு பக்கம் போயிற்று. சபை பாட முடியாமல் நின்றது. கீபோர்டும் நின்றது, சாக்ஸபோன் மட்டும் கேட்டது. அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

அப்போது முன்வரிசையிலிருந்து ஓர் ஆண் குரல் தனியாக எழுந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு, சாக்ஸபோனைப் பிடித்துக்கொண்டு போவதுபோல், சொல் சொல்லாகப் பாடினார். ஒன்றரை வருடமாக அவரிடமிருந்து ஒரு வார்த்தை கேட்காதவர்கள் திகைத்துப்போய்ப் பார்த்தார்கள். ஊதுவதை நிறுத்தினால் அந்தச் சொற்களும் நின்றுவிடும் என்பது அக்காவுக்குத் தெரியும். கண்ணீர் வழிய வழிய அவர் ஊதிக்கொண்டே இருந்தார். ஜெபமணி அண்ணன் ஒரு பட்டனைத் தட்டிக் கீபோர்டை ஒரு படி இறக்கி, மெல்ல அவர்களோடு சேர்ந்தார். பிறகு சபை முழுவதும் சேர்ந்தது. ஆராதனை முடிந்ததும் அந்த மூப்பரே வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அடுத்த வாரமும் ரெண்டு பேரும் வந்துடுங்கம்மா” என்றார்.

அப்படி நான்கு ஆண்டுகளுக்கு மேல் போயிற்று. அக்கா பெரிய வித்துவான் ஆகிவிடவில்லை. வேகமான பாட்டுகளில் தடுமாறுவார். ஆனால் மாமா மூச்சு வாங்கும் இடத்தில் அவரும் நிறுத்தி மூச்சு வாங்குவார். அது யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை.

பிறகு அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. “ஊத மூச்சு பத்தலடி” என்று ஒரே ஒரு நாள் சொன்னார். ஆஸ்பத்திரியில் கடைசி வாரங்களில் அவர் சாப்பிட மறுத்தார். மாமா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையில் ஸ்பூனைப் பிடித்து, கீர்த்தனை ராகத்தில், “கொஞ்சம் துன்னு... இன்னும் ஒரு வாய் துன்னு...” என்று பாடினார். சாக்ஸபோன் இல்லாமல், தாம் நினைத்த வார்த்தையை அவர் பாடியது அதுதான் முதல் தடவை. வார்டில் நர்சுகள் சிரித்தார்கள். “கஞ்சிக்குப் போயி கீர்த்தனையா? ஆண்டவரு கோச்சிக்கப் போறாரு” என்று சொல்லிவிட்டு அக்கா வாயைத் திறந்தார். சில நாள் கழித்து, மாமா கையைப் பிடித்திருக்க, அமைதியாகக் கண் மூடினார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும், கஞ்சி வைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், ஜெபமணி அண்ணனுக்கும், சபையாருக்கும், சத்தியவேட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து நின்ற உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மாமா இப்போது சித்தூரில் எங்களோடு இருக்கிறார். இந்த நன்றிப் பட்டியலை அவருக்குப் படித்துக் காட்டி, “வேற யார் பேரு போடணும் மாமா?” என்று கேட்டேன். மாமா மெதுவாக, ராகத்தோடு, “அவ பேரு... அவ பேரப் போடு...” என்றார்.

அக்கா, உனக்கும் எங்கள் நன்றி.