தகரக் குருவிகள் தொங்கிய அறை

பிடரியில் ஏதோ குத்தியது. சிரம்பான் மருத்துவமனையிலிருந்து என்னைக் கொண்டுவந்து பழைய கட்டிலிலேயே கிடத்திவிட்டுத் தோட்டத்து வேன் அப்போதுதான் கிளம்பியிருந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தேன். கழுத்துப் பட்டையை அன்றுதான் கழற்றியிருந்தார்கள், அதனால்தான் குத்தியதே தெரிந்தது. மெல்லக் கையை விட்டுத் துழாவி எடுத்தேன். ஒரு கொண்டை ஊசி. கறுப்பு உரிந்து, ஒரு கால் சற்றே வளைந்த பழைய இரும்பு ஊசி. என் மனைவி பின்னல் போடுகிறவள். அவளுக்கு இந்த ஊசியோடு வேலை கிடையாது. அந்த வீட்டில் அப்போது கொண்டை போட்டிருந்தவர் என் மாமியார் ஒருவர்தான். ஆனால் மாமியாரின் கொண்டை ஊசி மருமகனின் கட்டிலில், அதுவும் தலை வைக்கும் இடத்தில் எப்படி வரும்? அது எவ்வளவு நடக்காத காரியம் என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் பகாவ் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். மழை விட்ட ஒரு மத்தியானம், குலை ஏற்றிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கும்போது சக்கரம் சறுக்கி, டிராக்டர் என்னையும் இழுத்துக்கொண்டு காவாயில் கவிழ்ந்தது. உயிர் பிழைத்தது புண்ணியம் என்றார்கள். முதுகெலும்பில் அடி, கழுத்தில் அடி. ஆடாமல் அசையாமல் மல்லாந்து கிட என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் மனைவி தனியாக என்ன செய்வாள்? போர்ட்டிக்சன் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து அவளுடைய அம்மா ஒரு துணிமூட்டையோடு பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார்.

அவர்கள் குடும்பத்தில் மாமியார் மருமகன் முன்னால் வந்து நிற்கமாட்டார். நேராகப் பேசவும் மாட்டார். மரியாதை. கல்யாணத்தன்று பார்த்ததுதான், அதற்குப் பிறகு அவர் முகத்தை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. பெரிய வீடாக இருந்தால் இந்த மரியாதையைச் சிரமமில்லாமல் காப்பாற்றலாம். தோட்டத்து ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய, ஒரு கூடம், ஒரு அறை, ஒரு அடுப்படி என்றிருக்கும் லயத்து வீட்டில் எப்படிக் காப்பாற்றுவது? அத்தை கதவு மறைவில் நின்றுகொண்டு, மகளிடம் பேசுகிற மாதிரி எனக்குச் சொல்லுவார். “மாப்ள கஞ்சி குடிச்சாரான்னு கேளு.” அவள் வாயைத் திறப்பதற்குள் நான், “குடிச்சாச்சுன்னு சொல்லு” என்பேன். நடுவில் நின்றவளுக்குத் தலையாட்டுவதைத் தவிர வேலையே இல்லை.

நான் இருந்த அறை இருட்டு. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் செம்பனை நிழலைப் பார்த்தது. சுவரெல்லாம் அடுப்புப் புகை ஏறிக் கறுத்துக் கிடந்தது. நோயாளி இருக்கிற அறை இப்படி இருந்தால் நோய் எப்படிப் போகும் என்பது அத்தையின் கட்சி. வந்த கையோடு வேலையைத் தொடங்கிவிட்டார். ஆனால் நான் கண்ணைத் திறந்து கிடக்கும்போது அவர் எப்படி உள்ளே வருவார்? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். என் மனைவி வந்து, “அம்மா உள்ள வருது லா, கொஞ்சம் பொறுத்துக்குங்க” என்று சொல்லி என் முகத்தில் ஒரு துண்டைப் போட்டுவிடுவாள். துண்டுக்குக் கீழே நான் பெருமூச்சு விட்டுக்கொண்டு கிடப்பேன். சுவரைச் சுரண்டும் சத்தம், சுண்ணாம்பு வாசனை, கோதுமை மாவுப் பசை கிண்டிய வாசனை, ஆணி அடிக்கும் ஓசை. “மாப்ளைக்கு மஞ்சப் பூ புடிக்குமா செவப்புப் பூ புடிக்குமான்னு கேளு.” துண்டுக்குள்ளிருந்து நான், “எதுன்னாலும் சரின்னு சொல்லு.”

பழைய சேலையைக் கிழித்துத் தைத்த ஜன்னல் திரை, பிஸ்கட் தாளில் மடித்த பூக்கள், நாட்காட்டியிலிருந்து வெட்டி ஒட்டிய மலைகளும் அருவிகளும் என்று நான்கு சுவரும் நிறைந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஆமாம், கேள்விதான் பட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து வாசலில் நின்று, “கல்யாண வீடு மாதிரில லா இருக்கு!” என்று வாயைப் பிளந்தார்கள். எல்லாரும் பார்த்த அந்த அழகை நான் ஒருவன்தான் பார்க்கவில்லை. கழுத்தில் பட்டை கட்டி மல்லாந்து கிடக்கிறவனுக்கு ஏது சுவர்? முகத்தில் துண்டைப் போட்டுவிட்டு வேலை செய்த அத்தைக்கு, துண்டை எடுத்த பிறகு நான் எதைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன் என்பது தெரிய வாய்ப்பே இல்லை.

நான் பார்த்தது உட்கூரையை. மழை ஒழுகி ஒழுகி அந்தப் பலகையில் ஒரு பழுப்புக் கறை பரவியிருந்தது. முதல் சில நாட்கள் அது வெறும் கறைதான். பிறகு ஒரு நாள் அதில் ஒரு பெரிய சக்கரம் தெரிந்தது. மறுநாள் இன்னொரு சக்கரம். அதற்கப்புறம் என்ன செய்தும் அது கவிழ்ந்து கிடக்கும் டிராக்டராகவே தெரிந்தது. காலையில் கண் திறந்தால் அது. கஞ்சி குடிக்கும்போது அது. இதைப் போய் மனைவியிடம் எப்படிச் சொல்வது? பைத்தியம் என்று நினைப்பாளோ என்று பயம். இனி எழுந்து நடக்கப் போவதில்லை என்று எனக்குள் தீர்மானமாகிவிட்டது. ஒரு நாள் அவள் ஆசையாக, “ரூம் எப்படிங்க இருக்கு?” என்று கேட்டதற்குச் சீறி விழுந்தேன். “எனக்கு என்னா தெரியும்? நான் பார்க்கிறது இந்த சிலிங் மட்டும்தான்!” கதவு மறைவில் வளையல் சத்தம் கேட்டு, சட்டென்று நின்றது.

அந்த வாரமே என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மனைவியும் கூட வந்தாள். இரண்டு மூன்று நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, எலும்பு கூடிவிட்டது, இனி எழுந்து உட்காரப் பழக வேண்டும், இப்போது பழகாவிட்டால் பிறகு கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு, மனதுக்குள் முடியாது என்று சொல்லிக்கொண்டேன். உட்கார முயன்று, முடியாமல் போய்விட்டால்? முயலாமல் கிடந்தால் அந்தப் பதிலாவது தெரியாமல் இருக்கும். அப்படித்தான் திரும்பி வந்தேன். அந்தக் கறையைப் பார்க்கக் கூடாது என்றுதான் கண்ணை மூடிக்கொண்டு படுத்தேன். அப்போதுதான் பிடரியில் ஊசி குத்தியது.

ஊசியை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பதற்காகக் கண்ணைத் திறந்தேன். ஊசிக்குப் பின்னால் நீலம். கறையும் இல்லை, டிராக்டரும் இல்லை. உட்கூரை முழுக்க இளநீலம். தோட்டத்துக் கோயிலுக்கு அடித்து மிஞ்சிய சாயத்தில் சுண்ணாம்பைக் கலந்து பூசியிருந்தார் அத்தை. அந்த நீலத்திலிருந்து நூல் கட்டித் தகரக் குருவிகள் தொங்கின. பால் டின்னையும் பிஸ்கட் டின்னையும் வெட்டிச் செய்த குருவிகள். கதவோரம் காற்று வந்தால் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. கதவு வழியாக வந்து தகரத்தில் பட்ட வெயில் அறை முழுக்கத் துள்ளித் துள்ளி ஓடியது. கையில் இருந்த ஊசியைப் பார்த்தேன். புரிந்துவிட்டது. வீட்டில் யாருமில்லாத நேரத்தில் அத்தை கதவைச் சாத்திக்கொண்டு, மருமகனின் கட்டிலில், மருமகன் கிடந்த இடத்திலேயே மல்லாந்து படுத்துப் பார்த்திருக்கிறார். மருமகன் நடந்து போன பாதையில்கூட ஒதுங்கி நடக்கிறவர். எனக்காக யாரும் அதற்குமுன் அப்படி ஒரு காரியம் செய்ததில்லை. நான் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

குருவிகள் சும்மா தொங்கவில்லை. ஒரு வரிசையாக என் தலைக்கு மேலிருந்து ஜன்னலை நோக்கிப் பறந்தன. கழுத்தைத் திருப்பினால்தான் மீதி வரிசை தெரியும். திருப்பினேன். வலித்தது, ஆனால் திரும்பியது. ஜன்னலுக்கு வெளியே தாழ்வாரத்திலும் ஏதோ தொங்கியது. படுத்த இடத்திலிருந்து பார்த்தால் ஒரு தகர விளிம்பு மட்டும் மினுங்கிவிட்டு மறைந்தது. குருவியா? குருவிக்கு அவ்வளவு பெரிய வயிறு ஏது? நாளெல்லாம் அதே யோசனை. மனைவியிடம் கேட்டேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிருச்சு” என்றாள். கதவு மறைவைப் பார்த்துக் கேட்டேன்: “வெளிய என்னா தொங்குதுன்னு கேளு.” கதவு மறைவிலிருந்து பதில் வந்தது: “எந்திரிச்சுப் பார்த்துக்கச் சொல்லு.”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலமே மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, எழுந்து உட்கார்ந்தேன். தலை சுற்றி அடங்கியதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஒரு தகர டிராக்டர். நான்கு சக்கரமும் கீழே இருக்க, நிமிர்ந்து நின்றது. மேலே ஒரு தகர மனிதன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு என்னுடைய மீசை, கொஞ்சம் பெரிதாக. நான் யாரிடமும் சொல்லாத அந்தக் கறையின் உருவத்தை அத்தையும் அங்கே படுத்துப் பார்த்திருக்கிறார்! விலா நோக நோகச் சிரித்தேன். அன்றுதான் நான்கு சுவரையும் முதல்முறையாகப் பார்த்தேன். மஞ்சள் பூவும் இருந்தது, சிவப்புப் பூவும் இருந்தது.

பிறகு நடந்தேன், மறுபடி டிராக்டர் ஓட்டினேன், அப்புறம் லோரி ஓட்டினேன். தோட்டத்தை விட்டுச் சிரம்பான் பக்கத்துப் பாரோயில் ஒரு வீடு வாங்கிக் குடியேறினோம். அந்த ஊசியை மட்டும் நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. கொடுத்தால், கட்டிலில் படுத்தது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கூனிக் குறுகிப் போவார். சவரப் பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டேன். அத்தையும் தம் மரியாதையை விடவில்லை. விசேஷங்களுக்கு வந்தால் கதவு மறைவு, “மாப்ளையக் கேளு”, காலையில் வந்தால் மாலையில் கிளம்பிவிடுவார். மகளைக் கொடுத்த வீட்டில் தங்கக் கூடாதாம்.

இந்த வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவர் இருந்த மகன் வீட்டில் எல்லா அறையும் மாடியில். எங்கள் வீட்டில் கீழே ஓர் அறை உண்டு. மரியாதையைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வைக்கச் சொல்லுங்கள் என்று அவர் மகனிடம் சொல்லிவிட்டேன். அறுவை சிகிச்சை முடிந்து அவர் மருத்துவமனையில் இருந்த நாட்களில் அறையைத் தயார் செய்ய உட்கார்ந்தேன். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மகள் கைப்பேசியில் படம் படமாக அனுப்பினாள். மாலை மாலையாக விளக்குகள், சுவரில் ஒட்டும் தாள்கள். “நாமளே செய்யலாம்ப்பா, ஈசி.” ஒன்றை ஒட்டினால் சுவர் அசல் செங்கல் போலத் தெரியுமாம். செங்கல் சுவருக்குப் பூச்சுப் பூசி, அதன்மேல் செங்கல் படம் ஒட்டுவதா என்று கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு அத்தைக்குப் போட்டிருந்த கட்டிலில் மல்லாந்து படுத்தேன்.

படுத்ததும் குழல்விளக்கு நேராகக் கண்ணைக் குத்தியது. மின்விசிறியின் இறக்கையில் விரற்கடை அழுக்கு. மேல்மாடிக் குளியலறையிலிருந்து கசிந்து, அங்கேயும் ஒரு கறை. நின்று பார்த்தபோது இதில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. விளக்கைச் சுவருக்கு மாற்றினேன். கசிவை அடைத்து, உட்கூரைக்கு இளநீலம் அடித்தேன். வார இறுதியில் மகள் வந்து என்னோடு பிஸ்கட் டின் வெட்டினாள். என் குருவிகள் கொஞ்சம் வாத்து மாதிரிதான் வந்தன.

அத்தை வந்து படுத்தார். மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். நடப்பதற்குக் கொடுத்த இரும்புச் சட்டத்தைத் தொடவும் இல்லை. “எனக்கு இனிமே என்னா லா நடை” என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டார். அவள் அடுப்படியில் போய் அழுதாள். இந்த முறை கதவு மறைவில் நின்றது நான்தான். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது. “ஜன்னலுக்கு வெளிய என்னா தொங்குதுன்னு மாப்ளையக் கேளு.” எத்தனை வருடம் காத்திருந்தேன் இதற்கு! “எந்திரிச்சு வந்து பார்த்துக்கச் சொல்லு” என்றேன். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை நான் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே இரும்புச் சட்டம் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. முகத்தை மூடிக்கொள்ள என் கை தானாகத் தோளில் கிடந்த துண்டுக்குப் போனது. அதற்குள் அத்தை வாசற்படிக்கு வந்துவிட்டார். வாசற்படியை ஒட்டி, அவர் அறை ஜன்னலுக்கு வெளியே நான் கட்டித் தொங்கவிட்டிருந்தது ஒரு தகரப் பெண். முக்காலிமேல் ஏறி நின்று, கையைத் தூக்கி, ஒரு குருவியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய பெரிய தகரக் கொண்டையில் அந்தப் பழைய ஊசியைச் செருகியிருந்தேன். அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஊசியை உருவி, தன் நரைத்த சின்னக் கொண்டையில் செருகினார். பிறகு தன் மகளைத் தேடாமல், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“இத நான் அன்னைக்கே தேடுனேன், மாப்ள.”

பதில் சொல்ல வழக்கம்போல என் மனைவியைத் தேடினேன். அவள் உள்ளே இருந்தாள். வேறு வழியில்லாமல் நானே சொன்னேன்.

“என் தலைமாட்டுல கெடந்துச்சு, அத்தை.”