ஏலத்துக்கு வந்த பொடி டப்பி

எங்கள் சபையில் திருவிருந்து நாளில் ஆண்கள் முதலில் போய் முழந்தாளிடுவார்கள். பெண்கள் பிறகு. திராட்சரசம் எல்லாருக்கும் ஒரே பாத்திரத்தில்தான். போதகர் அதை ஒருவர் வாயில் வைத்து, விளிம்பைத் துணியால் துடைத்து, அடுத்தவரிடம் கொண்டுபோவார். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருந்ததில்லை, என் வீட்டுக்காரர் மூக்குப்பொடி போட ஆரம்பிக்கும் வரை.

அவர் மதுரையில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷங்கள் அவை. தலைவலிக்கு நல்லது என்று யாரோ கொடுத்த ஒரு சிட்டிகையில் ஆரம்பித்தார். தலைவலி போனதா என்று தெரியவில்லை, பொடி தங்கிவிட்டது. மீசை பழுப்பானது. கைக்குட்டை, தலையணை உறை, வேதப்புத்தகத்தின் ஓரம் எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்தன. அந்த மீசை பாத்திரத்தில் ஒரு முறை முங்கி எழுந்தால் அடுத்தவர் என்ன செய்வார்? யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் எழுந்து நடந்தால், அவருக்கு முன்னால் போய் முழந்தாளிட்டுவிட வேண்டும் என்று ஆண்கள் பக்கத்தில் ஒரு தள்ளுமுள்ளு நடக்கும். பரலோகத்துக்குக்கூட இவர்கள் இப்படி அவசரப்படமாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசியில் அவர் ஆண்களில் கடைசி ஆளானார். அவருக்கு அடுத்தது பெண்களில் முதல் ஆள். அது யார்? வேறு யார் சம்மதிப்பார்கள்? நான்தான். நான் நாலு பேர் பார்த்தால் கால் பின்னிக்கொள்கிற ஜாதி. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடையில் உப்பு கேட்பதற்குக்கூட மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் கேட்பேன். என்னை எல்லாப் பெண்களுக்கும் முன்னால் நடக்கவைத்தது அந்தப் பொடிதான்.

விட வேண்டும் என்று அவருக்கே ஆசை இருந்தது. விடிகாலையில் எழுந்து ஜெபம் பண்ணுவார். "ஆண்டவரே, இன்று முதல் என் ஜீவனுள்ள நாளெல்லாம் இதைத் தொடேன்" என்று பொருத்தனை செய்வார். ஆமென் சொல்லி எழுந்ததும் ஜெபம் நன்றாக அமைந்த திருப்தியில் கை தானாக மடியில் இருக்கிற பொடி டப்பிக்குப் போகும். ஒரு தடவை வெள்ளி டப்பியை வைகையில் எறிந்துவிட்டு வந்தேன் என்று மார்பை நிமிர்த்திச் சொன்னார். அது பங்குனி மாதம். ஆற்றில் மணல்தான் இருந்தது. அன்று சாயங்காலமே துணி வெளுக்கிறவர் வாசலில் வந்து நின்றார்.

"வாத்தியாரய்யா, ஒங்க டப்பி ஆத்துல கெடந்துச்சு. நல்லவேள, என் கண்ணுல பட்டுச்சு."

அவருக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டியதாயிற்று.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தது, ஒரு திருவிருந்து நாள் வரைக்கும். அன்று ஆண்கள் எல்லாரும் போய் வந்தார்கள். இவர் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதமும் அப்படியே. வீட்டில் கேட்டேன்.

"ஏங்க, ஏன் பந்திக்கு வரல?"

"எந்த மொகத்த வச்சுக்கிட்டு வாரது? நான் குடிச்ச பாத்திரத்துல மத்தவங்க குடிக்க அருவருக்குறாங்க. அவுகளச் சொல்லிக் குத்தமில்ல. இம்புட்டுப் பொடிக்கு நான் அடிம. இத விட்டாத்தான் இனி வருவேன். விடலேன்னா இல்ல."

சொல்லிவிட்டு ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது பொடியால் வந்ததல்ல என்று எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து சபையில் வளர்ந்த மனுஷருக்குக் கர்த்தருடைய பந்தி இல்லை என்றால் என்ன மிச்சம் இருக்கிறது? சோற்றைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். அதற்குப் பிறகு எனக்கு அந்த வீட்டில் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷ அறுப்பின் பண்டிகை வந்தது. நெல், பூசணிக்காய், வாழைத்தார், சேவல் என்று அவரவர் முடிந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் படைப்பார்கள். நான் ஒரு பூசணிக்காய் கொண்டுபோனேன். இவர் வெறுங்கையோடு வந்தார் என்று நினைத்தேன். காணிக்கை நேரத்தில் எழுந்து போய், மடியிலிருந்து வெள்ளி டப்பியை எடுத்து என் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பி ஒரு சாட்சி சொன்னார். எகிப்தில் ஆரம்பித்து, செங்கடலைத் தாண்டி, வனாந்தரத்தைச் சுற்றி, "இந்த அடிமைத்தனத்தை இன்றோடு ஜெயித்துவிட்டேன்" என்று முடித்தார். நடுவில் ஒரு சேவல் இரண்டு தரம் கூவியது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்தேன்.

ஆராதனை முடிந்ததும் வழக்கப்படி வேப்பமரத்தடியில் ஏலம். படைத்தது எதையும் திருப்பி எடுக்கவும் கூடாது, தூக்கி எறியவும் கூடாது, ஏலம் விட்டுப் பணத்தைச் சபையில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஏலம் போடுகிறவர் சபை மூப்பர். விறகுக்கடை வைத்திருந்தவர், குரல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தல்லாகுளத்துக்குக் கேட்கும். நெல் போயிற்று, சேவல் போயிற்று, என் பூசணிக்காய் போயிற்று. பிறகு அவர் கை நீட்டி எடுத்தது டப்பியை. வழக்கம் வழக்கம்தானே. அவர் யோசிக்கவே இல்லை.

"அசல் வெள்ளி! உள்ள பொடியும் ரொம்ப இருக்கு! யாரு கேக்குறீங்க?"

போதகர் வாயைத் திறந்தார். அதற்குள் பலசரக்குக் கடைக்காரர் ஒரு ரூபாய் என்றார். அவரும் பொடி போடுகிறவர்தான், ஆனால் மீசை இல்லாததால் யாருக்கும் தெரியாது.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கை மெல்ல மேலே போனது. ஈயை விரட்டுகிறார் என்று நினைத்தேன். ஈ இல்லை.

"ஒண்ணே கால்!" என்றார்.

அப்போது என் வாய் எப்படித் திறந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்க்கக்கூட நேரமில்லை.

"ஒண்ணரை!"

மூப்பர் திரும்பிப் பார்த்தார். "தங்கச்சி, அதுக்கு முன்னால கேட்டது ஒன் வீட்டுக்காரருதான்."

"தெரியும்ணே. நான் ஒண்ணரை."

"ஒண்ணே முக்கா!" என்றார் இவர், என்னைப் பார்க்காமல்.

"ரெண்டு!"

பலசரக்குக் கடைக்காரர் கையை விரித்தார். "அண்ணே, நான் வெலகிக்கிறேன். புருசன் பொஞ்சாதி நடுவுல நமக்கென்ன வேல?"

ஒருத்தி பின்னாலிருந்து, "விடாத மதினி!" என்றாள். சிரிப்பு வெடித்தது. எங்கள் வீட்டுக்கு வருவது அவருடைய ஒரு சம்பளம்தான், அதுவும் என் முந்தானை முடிச்சில் இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். மூப்பருக்கு மட்டும் உற்சாகம் தாங்கவில்லை.

"நல்லாக் கேளுங்க வாத்தியாரே! நீங்க ரெண்டு பேரும் இன்னும் கொஞ்ச நேரம் சண்ட போட்டா கோயிலுக்குப் புது ஓடே போட்டுரலாம்! ரெண்டு ரூபா ஒரு தரம்! ரெண்டு தரம்!"

இவர் கை மறுபடியும் பாதி தூரம் போனது. அங்கேயே நின்றது. அந்தக் கையை அவரே பார்த்தார், யாருடைய கையோ என்பது போல. பிறகு மெல்ல இறக்கிக்கொண்டார்.

"வேணாம், அவளுக்கே விடுங்க" என்றார். "காலையில ஆண்டவருக்குக் குடுத்தேன். வெயில் ஏறுறதுக்குள்ள அவர்ட்ட இருந்தே வெலைக்கு வாங்கப் பாத்தேன். நான் ஜெயிக்கல. காலையில சொன்னது பொய். என்னால முடியல."

சிரிப்பு அடங்கியது. போதகர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பிரசங்கம் பண்ணுவார் என்று பயந்தேன். பண்ணவில்லை.

"வாத்தியாரே, காலையில சொன்ன சாட்சி நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதுல ஆண்டவருக்கு வேலையே இல்ல, எல்லாம் நீங்களே முடிச்சிட்டீங்க. இப்பச் சொன்னீங்க பாருங்க, அதுதான் ஜெபம்."

மரத்தடியிலேயே எல்லாரும் நின்று அவருக்காக ஜெபம் பண்ணினார்கள். சேவலை ஏலத்தில் எடுத்தவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

பொடியைக் கொல்லையில் கொட்டினேன். பக்கத்து வீட்டு ஆடு அன்றைக்குப் பூராவும் தும்மியது. டப்பியை மறுநாளே தெற்காவணி மூல வீதியில் ஒரு ஆசாரியிடம் கொடுத்து உருக்கிவிட்டேன்.

அதோடு விடுதலை வந்துவிட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. தலை வலித்தது, ரசத்தில் உப்பில்லை என்று கத்தினார், உப்பு இருந்தது. திருமங்கலத்துக்கு ஒரு கலியாணத்துக்குப் போனவர் அங்கே யாரிடமோ வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். முன்பென்றால் மறைத்திருப்பார். இப்போது ஊரே பார்த்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது? அடுத்த ஜெபக்கூட்டத்தில் தானே எழுந்து சொன்னார். மூப்பர் தினமும் விறகுக்கடைக்குப் போகிற வழியில் எங்கள் வாசலில் நின்று, "வாத்தியாரே, இன்னைக்கு எப்பிடி?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பார். பலசரக்குக் கடைக்காரர், "ஒங்களுக்கு மட்டும் குடுக்க மாட்டேன், போங்கண்ணே" என்று திருப்பி அனுப்புவார்.

அவருடைய ஜெபமும் மாறிப்போனது. ஜீவனுள்ள நாளெல்லாம் என்கிற பேச்சே இல்லை. "ஆண்டவரே, இன்னைக்கு என்னால முடியாது. நீர் பிடிச்சுக்கொள்ளும்." அவ்வளவுதான். மறுநாளும் அதே. மூக்கு உறிஞ்சிக்கொண்டே சொல்லுவார். பிடித்துக்கொண்டவர் கை விடவில்லை. அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

அடுத்த திருவிருந்துக்கு முந்தின நாள் போதகர் வீட்டுக்கு வந்தார்.

"நாளைக்குப் பந்திக்கு வாரீங்களா?"

"முழுசா விட்டுட்டு வாரேங்கய்யா. இன்னும் ஆச இருக்கு."

"ஆசையே இல்லாதவங்கதான் வரணும்னா, பாத்திரத்தத் தூக்கிக்கிட்டு நிக்க நானே அங்க இருக்கக் கூடாது. வாங்க."

போனார். மீசையை எடுத்துவிட்டிருந்தார். பழக்கத்தில் கடைசி ஆளாக நிற்கப் போனவரை மூப்பர் தோளைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டு, தான் அவருக்கு அடுத்தாற்போல முழந்தாளிட்டார். பலசரக்குக் கடைக்காரர் அவருக்கும் அடுத்தாற்போல. போதகர் பாத்திரத்தை இவர் வாயில் வைத்தார். இவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. தோள் குலுங்கியது. போதகர் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு மெல்ல இழுத்துப் பார்த்தார். கடைசியில் குனிந்து, முன்வரிசையில் இருந்த எங்களுக்கெல்லாம் கேட்கும்படியாகவே சொன்னார்:

"போதும் வாத்தியாரே, விடுங்க. பின்னால ஆளு காத்துக்கிட்டு இருக்கு."