முச்சந்தியைத் தாண்டியவள்

கண்டி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசனை பட்டதும், பன்வில தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எங்கள் பக்கத்துக் காம்பரா அறையில் தனியாக இருந்த பாக்கியம் அக்கா நினைவில் வந்து நின்றார். வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையில் பட்டாளத்தில் சேர்ந்து டெலிபோன் பார்த்தவர். திரும்பி வந்தவரை யாரும் கட்டிக்கொள்ளவில்லை. ஆனாலும் காலையில் தவறாமல், பட்டாளத்தில் கொடுத்த கறுப்புச் சப்பாத்தைத் தேய்த்து வைப்பார்.

"என்னக்கா, இன்னைக்கு எங்க பரேட்டு?" என்று அம்மா சீண்டுவாள்.

"ஒன் புருசன் குடிச்சிட்டு ஆடுறானே, அவன நேரா நடக்க வைக்கத்தான்டி!"

சிரித்து முடித்ததும் அக்காவின் குரல் இறங்கிவிடும். "நான் செத்தா குழி வரைக்கும் நீ வருவியா?"

அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். எங்கள் தோட்டத்தில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை, முச்சந்தியோடு திரும்பிவிடுவார்கள்.

அவர் செத்தபோது பட்டாளத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. தப்படித்துத் தூக்கிப்போனார்கள். முச்சந்தியில் பெண்களெல்லாம் நின்றோம். அம்மா மட்டும் நடந்தாள்.

"ஏய், பொம்பள நீ எங்க வர்ற?" அப்பா கத்தினார்.

"பட்டாளத்துக்குத்தான் அவ தனியாப் போனா. இதுக்குமா?"

குழியில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தவளோடு அன்று லயத்தில் யாரும் பேசவில்லை. அம்மாவும் யாரையும் கூப்பிடவில்லை.