உருகிய சிலிக்கான் இறங்கும் வரை

செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு சிறிய தொழிற்கூடத்தில் பொறியாளராக இருக்கிறேன். நுண்துளைகள் நிறைந்த கரித் தகட்டின் மேல் சிலிக்கான் துண்டுகளைப் பரப்பி, காற்றை உறிஞ்சி எடுத்த உலைக்குள் வைப்போம். ஆயிரத்து நானூறு டிகிரியைத் தாண்டியதும் சிலிக்கான் உருகி, துணியில் தண்ணீர் ஊறுவதுபோலத் துளைகளுக்குள் இறங்கும். கரியோடு கலந்து இரும்பையே அறுக்கும் பீங்கானாக மாறும். இறங்கும்போது சூடு தவறினால் துளைகள் அடைபட்டு, நடுவில் வெறும் கரி தங்கிவிடும்.

எங்கள் உலை பழையது. கண்ணாடித் துவாரம் வழியே பார்த்து, சூட்டைக் கையால் கூட்டிக் குறைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அச்சரப்பாக்கத்துக்காரர்.

முதல் மூன்று தகடுகள் வீணாகியிருந்தன. நான்காவது தகடு உலையில் இருந்த ஒரு முற்பகலில், அலுவலகத் தொலைபேசியில் அவர் மனைவி அழைத்தார். உலை அறைக்குள் செல்பேசிக்கு அனுமதியில்லை.

"அத்தைக்கு மூச்சு இழுத்துகினு கீது மேடம். அவர ஒடனே அனுப்புங்க."

"அனுப்புறேம்மா" என்று சொல்லிவிட்டு உலை அறைக்குப் போனேன். அவர் துவாரத்தில் கண்ணை வைத்திருந்தார்.

"இப்பதான் உருகுது மேடம்" என்றார், திரும்பாமலே.

அவர் பின்னால் நாற்பது நிமிடம் நின்றேன். "எறங்கிடுச்சி" என்று அவர் சிரித்தபடி நிமிர்ந்த பிறகுதான் போன் வந்ததைச் சொன்னேன். பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார். மதுராந்தகம் தாண்டுவதற்குள் அவர் அம்மா போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துத் தகட்டை அறுத்தோம். நடுவரை ஒரே சாம்பல் நிறம்; கரி எங்கும் தங்கவில்லை. எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள். அன்று பிற்பகல் அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார். "'தோ, வந்துகினே கீறாரு'ன்னு அத்த காதுல சொல்லிகினே இருந்தேன் மேடம்."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த கணவரிடம் போன் வந்த நேரத்தைச் சொன்னேன்.

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பேன்னு எனக்கே தெர்ல மேடம். ஆனா அத நான்தான முடிவு பண்ணணும்?"

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினார். உலை அறைக்குள் தொலைபேசி வைக்கச் செய்தேன். இன்னும் இரண்டு பேருக்கு அவரே உலை பார்க்கக் கற்றுக்கொடுத்தார். என்னிடம் வேலை விஷயங்களை முன்போலவே மரியாதையாகப் பேசுகிறார். மதியத்தில் என் எதிரே டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்வது மட்டும் நின்றுவிட்டது. நானும் கூப்பிடவில்லை.