மச்சு மேலே அறுநூறு கலயம்

அமானுல்லா மேஸ்திரி தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே உள்ளே வருகிறார். காய்ச்சலுக்கு டாக்டர் நாக்கடியில் வைப்பாரே, அதேதான். ஸ்டூல் மேல் ஏறி, கான்கிரீட் மச்சுக்கு ஒரு சாண் கீழே அதைப் பிடித்தபடி ஐந்து நிமிஷம் நிற்கிறார். மத்தியானம் மூன்று மணி. இறங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்துவிட்டு, நோயாளியின் உறவினரிடம் பேசுகிற குரலில் வீட்டுக்காரரிடம் சொல்கிறார்: "நூத்தி மூணுங்க. ஊட்டுக்குக் காச்சலுங்க."

யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நல்லூரில் எங்கே புது மச்சு எழும்பினாலும் அவராகவே போய் நிற்பார். பனியன் கம்பெனி நன்றாக ஓடினால் உடனே ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் போடுவது இங்கே வழக்கம். போட்டுவிட்டு, சித்திரை முழுக்க வேப்பமரத்தடியில் கட்டிலோடு குடியிருப்பதும் வழக்கம்.

மனையைக் காட்டினால் அளவுக் கயிற்றை எடுக்கமாட்டார். நடுவில் நின்று, தன் கைலியின் நுனி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நுழைய மேற்கே தாழ்வாக ஜன்னல், சூடு வெளியேற எதிர்ச்சுவரில் உயரமாகத் துவாரங்கள். பிளான் வரைவது நூல் பெட்டி அட்டையில். சிரிக்காதீர்கள், அவர் திறந்துவிட்ட ஒரு ஜன்னல் முன்னால் ஆடி மாதம் நின்று பாருங்கள்!

ஆனால் அவருடைய உயிர் கூரையில் இருந்தது. "செவுத்துக்கு வெயிலு ஒரு நேரமுங்க, மச்சுக்குப் பொழுதன்னிக்குமுங்க. எல்லாரும் செவுத்துக்கில்ல பெயிண்ட் அடிக்கறாங்க" என்பார். கான்கிரீட் மேல் சின்னக் கலயங்களை நெருக்கமாகக் கவிழ்த்து, இடையில் சுண்ணாம்புக் கலவை போட்டு, மேலே தட்டையான ஓடு பதித்தால், கலயத்துக்குள் அடைபட்ட காற்று வெயிலைக் கீழே விடாதாம். ஐம்பத்தொன்பதிலிருந்து எட்டு வருஷம் ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தார். 'பானை பாய்' என்று பட்டம் கிடைத்தது, கூரை கிடைக்கவில்லை.

கடைசியில் போன பங்குனியில் பனியன் கம்பெனி நஞ்சப்பன் தன் புது வீட்டுக் கூடத்து மச்சைக் கொடுத்தார். அறுநூறு கலயம் வந்து இறங்கியது. முந்நூறை மேஸ்திரி தன் கையாலேயே மட்டம் பார்த்து அடுக்கினார். அடுக்கியதை வேறு யாரும் தொடக்கூடாது. அப்போதுதான் நஞ்சப்பன் மனைவி காளியாத்தாள் மாடி ஏறி வந்தார்.

"அடுப்பெரியாத ஊட்லதான் பானையக் கவுத்து வெப்பாங்க. என்ற ஊட்டு மேல அறநூறா?"

வெறும்பானை இல்லை, உள்ளே காற்று இருக்கிறது என்றார் மேஸ்திரி.

"காத்தக் குடிச்சுப்போட்டுக் குடும்பம் பண்றதுங்களா பாய்? இத எடுக்காம நான் இங்க பால் காச்ச வரமாட்டனுங்க."

நாற்பது பேரை வேலை வாங்குகிற நஞ்சப்பன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, எடுத்துவிடச் சொன்னார். மேஸ்திரி குனிந்து ஒரு கலயத்தைத் தொட்டார், எடுக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக் காளியாத்தாளுக்கே மனசு இளகியிருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி சோளம் போட்டுக் கவிழ்த்தால் வெறும்பானை ஆகாதே என்றார். எறும்பு வந்து மச்சையே தின்றுவிடும் என்றார் மேஸ்திரி. பிறகு அவரே காளியாத்தாள் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க அம்மணி, உங்க ஊட்டுக்குச் சோறு போடறது சோளமுங்களா, பஞ்சுங்களா?"

காளியாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கண் மட்டும் சிரித்தது. அரை மணியில் ஜின்னிங் பேக்டரியிலிருந்து ஒரு சின்ன மூட்டைப் பஞ்சு வந்தது. யாரையும் தொடவிடாத மனிதர், அடுக்கிய முந்நூறையும் ஒவ்வொன்றாகத் தூக்கினார். அந்தம்மாள் ஒரு சிட்டிகைப் பஞ்சு வைக்க, அவர் கவிழ்க்க, மறுபடி மட்டம் பார்க்க, வேலை மறுநாள் வெள்ளிக்கிழமைக்கும் நீண்டது. மத்தியானத் தொழுகை முடிந்து வந்து மீதியையும் அடுக்கினார்.

ஒரே ஒரு கலயம் பாக்கி. மூட்டையை உதறினால் தூசிதான் விழுந்தது.

"ஒண்ணுதானுங்களே பாய், உடுங்க" என்றார் நஞ்சப்பன்.

காளியாத்தாள் முகம் சுருங்கியது. மேஸ்திரி அதைப் பார்த்தார். தொழுகைக்குப் போகும்போது காது மடலில் செருகியிருந்த அத்தர் வாசனைப் பஞ்சை எடுத்து, விரலால் நீவிப் பெரிதாக்கி, அந்த இடத்தில் வைத்துக் கலயத்தைக் கவிழ்த்தார்.