குவில்லனும் ஓர் ஈர்க்கும்

போன வாரம் மார்த்தாண்டத்தில் பழைய காகிதக்கடையில் ஒரு தடித்த ஆங்கில அகராதி கிடந்தது. மூக்குப்பொடியும் பூஞ்சையும் கலந்த அந்த வாடையிலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் மிஷன் பள்ளித் தலைமையாசிரியருடையது. வாங்கி வந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அங்கே நான் மூன்றாம் வகுப்பு வாத்தியார். தலைமையாசிரியர் முழு மூடர். ‘ர்’ போடுவது வயதுக்காக மட்டும்தான். எங்கள் சபையார் பெரிய காரியங்களில் கண்ணை மூடி ஜெபித்து வேதபுத்தகத்தைத் திறப்பார்கள். விரல் பட்ட வசனம் கர்த்தரின் பதில். இவர் அதையே அகராதிக்குக் கொண்டுவந்தார். விரல் பட்ட சொல்லுக்குப் பொருள் சொல்பவனுக்கு வாத்தியார் வேலை. கமிட்டியும் ஆமென் போட்டது. அத்தனை பேரும் அறிவுக் களஞ்சியங்கள்.

அந்த வருடம் ஒரு வேலைக்கு இரண்டு பேர். ஒருவன் என் சிநேகிதன் தங்கையா. அவன் அப்பா நெஞ்சுவலியோடு பனையேறிக்கொண்டிருந்தார். மகனுக்கு வேலை கிடைத்தால்தான் அவர் இறங்கமுடியும். மற்றவன் தலைமையாசிரியரின் மருமகன்.

விரல் பட்ட சொல் ‘குவில்லன்’. “வாளுக்க பிடியில உள்ளது” என்று தலைமையாசிரியர் பெருந்தன்மையாகத் துப்புக் கொடுத்தார்.

“நான் வாளக் கண்டதில்ல சாரே. பாளை அருவாளுக்க பிடியக் கேளுங்க, சொல்லுதேன்” என்றான் தங்கையா. கமிட்டி சிரித்தது.

மருமகன் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்காக நீட்டியிருக்கும் கம்பி. கை வெட்டுப்படாமல் காப்பது. பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டில் நிறுத்திவைக்கும் கட்டைக்குரிய பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்தது. வாழ்நாளில் ஒரு வெண்டைக்காய்கூட நறுக்கியிராதவன். ஒரு லீவு லெட்டர் சொந்தமாக எழுத வராது. “கர்த்தருக்க சித்தம்” என்றார்கள்.

நேற்று அகராதியை மேசைமேல் வைத்தேன். தானாக அந்தப் பக்கத்தில் பிரிந்தது. தையலுக்குள் ஓர் ஈர்க்கு, விளக்குமாற்றுக் குச்சி.

“ஓய், வாரியல்ல இருந்து ஒரு ஈர்க்கு கிள்ளித் தாரும்” என்று தலைமையாசிரியர் கேட்டது தேர்வுக்கு முந்தின நாள். கிள்ளிக் கொடுத்தவன் நான். பல் குத்தத்தான் என்று நினைத்தேன். அவர் அதை அகராதிக்குள் செருகினார், பார்த்தேன். மறுநாள் மூடிய கண்ணோடு விரல் அதைத் தேடியதையும் பார்த்தேன். என் வேலை போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை. மூடருக்குக் கீழே ஒரு கோழை.

இப்போது அந்தப் பள்ளி இல்லை. கமிட்டிக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கல்லறைத் தோட்டத்தில். தங்கையாவின் அப்பா அடுத்த வருடம் பனையிலிருந்து விழுந்து இறந்தார். தங்கையா கொழும்புக்குப் போனான். பிறகு தகவலே இல்லை. புறப்பட்ட அன்று என்னிடம் மட்டும்தான் சொல்லிக்கொள்ள வந்தான்.

“மக்கா, அந்தப் பள்ளிக்கூடத்துல எனக்குன்னு நீ ஒருத்தன்தான் இருந்தே.”