சித்ராவின் நீர்பிரமி

சித்ராவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை ஏறும். புருஷனை "வாங்க, போங்க" என்று பேச ஆரம்பித்தாள் என்றால் ஜெகன் அன்றைக்கு வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு வருவான்.

குத்தம்பாக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். அண்ணன்மார் நிலத்தை விற்றுக் கார் வாங்கிய வருடம், அடம்பிடித்துத் தாவரவியல் சேர்ந்தாள். இப்போது ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியை. வீடு முத்தாபுதுப்பேட்டை. பக்கத்து ஏரிக்கரைச் சேற்றில் நீர்பிரமி படர்ந்திருந்த ஒரே ஒரு திட்டுதான் அவளுடைய சொத்து. வருடா வருடம் மாணவிகளை அங்கேதான் குனிய வைப்பாள். தடித்த குட்டி இலை, வெள்ளைப் பூ, கணுவுக்குக் கணு வேர், ஈரம் இருக்கும்வரை சாகாத பல்லாண்டுச் செடி. "முன்ன வேற குடும்பத்துல வச்சிருந்தாங்க, இப்ப இசப்கோல் குடும்பத்துக்கு மாத்திட்டாங்க" என்று சாப்பிடும்போது சொன்னால், "கட்டிக் குடுத்துட்டாங்களா?" என்பான் ஜெகன். காதில் வாங்கினால்தானே!

அவன் பொக்லைன் ஓட்டுகிறவன். அந்த ஏரியைத் தூர்வாரும் வேலை அவனுக்கே வந்தது.

"கரையில என் செடி கீது, அத மட்டும் வுட்டுடுய்யா."

"இன்னா மாதிரி இருக்கும்?"

"தண்ணியோரம், பூ பூத்துகினு இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் கரை மொழுக்கென்று வழித்துக் கிடந்தது. ஒரு மூலையில் நாலு கம்பு நட்டு, சிவப்பு ரிப்பன் சுற்றி, உள்ளே ஊதாப் பூவோடு தளதளவென்று ஆகாயத்தாமரை. ஏரியையே மூடிக் கொல்கிற சனியன். அதற்குத்தான் இந்தப் பாவி காவல் வைத்திருந்தான்.

"எப்டி? ஒரு எல கூட கசங்கல," என்றான் ஜெகன், வண்டியில் உட்கார்ந்தபடியே.

"எறங்குங்க."

அவன் முகத்தில் சிரிப்பு செத்துவிட்டது.

"என் செடிய வழிச்சிப் போட்டுட்டு, ஏரிய அழிக்கிற செடிக்கு வேலி கட்டியிருக்கீங்க. ஒண்ணு வுடாம நீங்களே புடுங்குங்க."

"மிசின்ல ஒரே அள்ளு..."

"கையால."

முழங்கால் சேற்றில் நின்று பிடுங்கினான். அவள் கையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றாள். கிட்டே போகக்கூட மனம் வரவில்லை. கடைசிக் கொத்துக்கு அடியிலிருந்து எதையோ சேற்றோடு உருவித் தூக்கிக் காட்டினான்.

"இத்துனூண்டு வெள்ளப் பூ. இதுவா?"

விரல் நீளத் தண்டு, கணுவில் வேர். மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டான்.

"அதான். எடுத்த எடத்துலயே வைங்க," என்றாள் சித்ரா, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கியபடி.